நம்பப்படும் உரிமை: மலையகமும் ஆங்கிலத்தின் சொல்வன்மையும்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறும் பாதை டயகமவை அடையும்போது, எதிரே ஹோட்டன் சமவெளியின் சரிவு எழுந்து நிற்கும். அக்கரப்பத்தனைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெயர்கள் பல்மோரல், சென்ரிங்ஹாம், டொரிங்டன், கிளாஸ்கோ, ஹோல்ம்வூட். பிரித்தானிய மாளிகைகளும் ஊர்களும் தமிழ் நாவில் வளைந்து, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் நாள்தோறும் ஒலிக்கின்றன. ஊர்ப் பெயர், தொழிற்சாலையின் பெயர்ப்பலகை, சம்பளச் சீட்டு, தேயிலைப் பெட்டியின் முத்திரை என்று ஆங்கிலம் இங்கே எங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மொழியில் வாதாடி வெல்வது எப்படி என்பது மட்டும் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழருக்கு நெடுங்காலம் கற்பிக்கப்படவில்லை.

இன்று ஆங்கில வகுப்பில் சொல்லணிகளும் வற்புறுத்தும் உத்திகளும் ஒரு பட்டியலாக வந்து சேர்கின்றன. தொடக்கச் சொல் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு பெயர், எதிரெதிர் கருத்துகளை அருகருகே வைப்பதற்கு ஒரு பெயர், மென்மைப்படுத்திச் சொல்வதற்கு ஒரு பெயர். மாணவர் பெயர்களை மனனம் செய்கிறார், பரீட்சையில் அடையாளம் காட்டுகிறார், பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் மலையக மக்களின் கதையைத் திருப்பிப் பார்த்தால், அவர்களுடைய கூலி, குடியுரிமை, உயிர் எல்லாவற்றையும் பற்றிய முடிவுகள் ஆங்கிலத்தில் வாதிக்கப்பட்டு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. அந்த எழுத்துகள் எப்படி நம்பவைத்தன, யாரை நம்பவைத்தன, யாரை நம்பாமல் விட்டன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வழிகளும் எட்டு மெய்ப்பாடுகளும்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், ஒருவரை இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். பேசுபவர் மீதான நம்பகம் ஒன்று. அதை ஈதோஸ் என்றார். கேட்பவரின் உணர்வைத் தொடுவது இரண்டாவது, அது பேதோஸ். சொல்லப்படும் நியாயமும் சான்றும் மூன்றாவது, அது லோகோஸ். ஆங்கிலப் பாடநூல்கள் இன்றும் இந்தக் கிரேக்கப் பெயர்களையே வைத்திருக்கின்றன.

தமிழுக்கு இது புதிய சரக்கு இல்லை. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று தனித்தனி அதிகாரங்களே உண்டு. அவற்றுள் அவையறிதல் கேட்பவரின் தரம் அறிந்து பேசுவதைப் பற்றியது. அவையஞ்சாமை பேசுபவரின் துணிவைப் பற்றியது. உணர்வைப் பொறுத்தவரை, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அரிஸ்டாட்டில் அளவுக்கே நுட்பமாகப் போகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு; ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் இளிவரலுக்குக் காரணம். உறுப்பை அறுத்தலும், குடியைக் கெடுத்தலும், வைதும் அடித்தும் அலைத்தலும், கொலையும் வெகுளிக்குக் காரணம். கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் பெருமிதத்துக்குக் காரணம்.

இந்தப் பகுப்பை மலையகத்தின் ஆங்கில ஆவணங்கள் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை தெளிவாகத் தெரிகிறது. தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் அனுமதிக்கப்பட்ட உணர்வு, தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் இளிவரல் ஒன்றுதான். வெகுளி குற்றமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெருமிதத்துக்கு இடமே வைக்கப்படவில்லை. இரக்கம் கேட்பவனை எவரும் இரக்கத்தோடு பார்க்கலாம். அவன் சொல்லை உண்மையென்று ஏற்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆகவே, மூன்று வழிகளில் முதலாவதான நம்பகமே இவர்களுக்கு முதலில் மறுக்கப்பட்டது. நியாயமும் கண்ணீரும் கையில் இருந்தும், அவற்றை வைக்க மேடை இல்லாமற் போனதற்குக் காரணம் அதுதான்.

கட்டளை ஒரு பக்கம், பெட்டிசம் மறுபக்கம்

தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமார் தமிழ் படித்தார்கள். அதற்கென்றே கைநூல்கள் இருந்தன. ஏ. எம். ஃபெர்குசன் சின்னத் துரைகளுக்காக, அதாவது உதவி நிர்வாகிகளுக்காக, தொகுத்த கைநூலின் பெயரே 'இங்கே வா' என்பது. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் இன்னொன்றை வெளியிட்டார். தோட்டத்தை நடத்துவதற்கு வேண்டிய தமிழ் இவற்றில் கிடைத்தது: அழைக்க, அனுப்ப, அளக்க, கண்டிக்க. உரையாடலுக்கான தமிழ் இந்த நூல்களின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. ஏவல் வினையில் தொடங்கி ஏவல் வினையில் முடியும் பேச்சுக்கு வற்புறுத்தும் உத்தி எதுவும் தேவைப்படாது. அதிகாரம் உள்ளவன் யாரையும் இணங்கவைக்க வேண்டியதில்லை; சொன்னால் போதும்.

மறுதிசையில் சென்ற ஆங்கிலம் பெட்டிசம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கூரை ஒழுகினாலும், அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் விட்டாலும், ஆள் கட்டிய கங்காணியின் கடன் கணக்கு வளர்ந்துகொண்டே போனாலும், தோட்டத்துக்கு வெளியே முறையிட இருந்த வழி ஆங்கிலத்தில் எழுதிய மனு. அதைத் தொழிலாளி தானாக எழுதுவதில்லை. கச்சேரி வாசலிலோ நீதிமன்றத்தின் அருகிலோ காசு வாங்கி எழுதித் தருபவர்கள் இருந்தார்கள். தொழிலாளி தமிழில் சொன்னது அவர்கள் கையில் ஒரு பழைய அச்சுக்குள் ஊற்றப்பட்டது.

அந்த அச்சைக் கிட்டத்தில் பார்க்கலாம். தலைப்பில் 'தி ஹம்பிள் பெட்டிஷன் ஆஃப்' என்று தொடங்கும். தாழ்மையான மனு என்பது பொருள். அடுத்த வரி 'மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி ஷோவெத்'. பிறகு மனுதாரரின் வயது, நோய், பிள்ளைகளின் எண்ணிக்கை, வறுமை. அதன் பிறகுதான் குறை. இறுதியில் கோரிக்கை, அதன் வாலாக 'அண்ட் ஆஸ் இன் டியூட்டி பவுண்ட் வில் எவர் ப்ரே'. கடமைப்பட்டவனாக என்றென்றும் வேண்டிக்கொண்டிருப்பேன் என்பது அதன் கருத்து. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்திய நான்கும் ஒன்று தவறாமல் வந்துவிடுகின்றன. முழு மனுவும் இளிவரலின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தச் சொற்கள் மலையகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் நாடாளுமன்றத்துக்கு மனுச் செய்த நகரசபைகளும் வணிகர்களும் இதே தாழ்மையோடுதான் எழுதினார்கள். அங்கே அது வெறும் சம்பிரதாயம். எழுதியவரும் வாசித்தவரும் ஏறக்குறைய ஒரே தரத்தினர், தாழ்மை நாடகம் என்பது இருவருக்கும் தெரியும். லயத்திலிருந்து அதிகாரியின் மேசைக்குப் போனபோது அதே வாசகம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. ஓர் உத்தியின் வலிமை அதன் வடிவத்தில் மட்டும் இல்லை, அதைக் கையாள்பவர் நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இன்னொரு சேதமும் உண்டு. கூரை ஒழுகுகிறது என்பது ஒரு தகவல். கூலி குறைத்துப் பதியப்பட்டது என்பது ஒரு குற்றச்சாட்டு. இரண்டையும் வறுமையின் பட்டியலுக்குப் பின்னால் வைத்ததால், லோகோஸாக நிற்கவேண்டியது பேதோஸின் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. மேலதிகாரி இரங்கினால் தருமம். இரங்காவிட்டால் அவர் எந்தக் கணக்கையும் மறுத்ததாக ஆகாது.

பெட்டியின் மேல் எழுதிய ஆங்கிலம்

தோட்டத்திலிருந்து வெளியே போன ஆங்கிலத்தில் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது விளம்பரம். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தன் தேயிலையை விற்ற வாசகம் 'டைரக்ட் ஃப்ரம் தி டீ கார்டன் டு தி டீ பாட்'. தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு.

நம் மோனைபோல ஒரே ஓசை இரு முனையிலும் வருகிறது. இன்னதிலிருந்து இன்னதுக்கு என்ற சமன் கட்டு வாசகத்தை நாவில் நிறுத்துகிறது. தோட்டத்தின் உரிமையாளரே கடைக்காரர் என்பதால் இடைத்தரகர் இல்லை, கலப்படம் இல்லை என்று நம்பகம் பிறக்கிறது. ஓசையும் கட்டும் நம்பகமும் ஒரு வரிக்குள் வேலை செய்கின்றன. விளம்பரக் கலையில் இது தேர்ந்த கைவேலை.

விட்டுச்சொல்வதும் ஓர் அணிதான். இந்த வரி எதை விட்டுவிடுகிறது? செடிக்கும் கேத்தலுக்கும் நடுவில் கொழுந்து பறிப்பு இருக்கிறது. நெற்றியில் கயிறு மாட்டித் தொங்கும் கூடை இருக்கிறது. மடுவத்தில் நிறுவை, நிறுவையில் கழிவு, தொழிற்சாலையில் வாட்டல், அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல் எல்லாம் இருக்கின்றன. 'நேரே' என்ற உறுதிமொழிக்குள் அத்தனை கைகளும் மறைந்துவிடுகின்றன. தேயிலை விளம்பரங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படத்தில் கொண்டுவந்தன. அவள் சிரித்தாள், பேசவில்லை. தேயிலையின் தரத்துக்கு அவள் முகம் சாட்சி சொன்னது. அவளுடைய கூலிக்குச் சாட்சி சொல்ல அந்தப் படத்தில் இடமில்லை. ஒருவரின் உருவத்திலிருந்து நம்பகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, அவர் குரலை விட்டுவிட முடியும் என்பதை விளம்பரம் மிக முன்பே கண்டுபிடித்துவிட்டது.

நாவலப்பிட்டி, 1937 ஏப்ரல் 3

நம்பகம் என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை அரசாங்கமே ஒருமுறை தன் செயலால் காட்டிவிட்டது. மடுல்கலைப் பகுதியின் ரிலுகாஸ் தோட்டத்தில் சின்னத் துரையாகப் பயில வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஆங்கிலேய இளைஞர். தொழிலாளரை நடத்தும் முறை பிடிக்காமல் தோட்ட நிர்வாகத்தோடு முரண்பட்டு, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் ஏறக்குறைய 2,000 தொழிலாளர் திரண்ட கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய அதே மேடையில், கட்சித் தலைவர்களில் ஒருவரான என். எம். பெரேரா இவரை ஒரு வெள்ளைத் தோழர் என்று அறிமுகப்படுத்தினார்.

அக்கூட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கையொன்று இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. துரைமாரின் தவறான செயல்கள் பற்றித் தனக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது என்று பிரேஸ்கேர்டில் சொன்னதாகவும், அவற்றை அம்பலப்படுத்தப்போவதாக வாக்களித்ததாகவும் அது கூறுகிறது. அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் தொழிலாளர் 'சாமி, சாமி' என்று குரல் கொடுத்தார்களாம். துரைமார் தொழிற்சட்டத்தை மீற விடக்கூடாது என்று அவர் சொன்னது சரியே என்று தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டதையும் அறிக்கை பதிந்திருக்கிறது. அவருடைய பேச்சு முறை, முகபாவம், நின்ற தோரணை எல்லாம் மிரட்டலாக இருந்தன என்பது அதன் மதிப்பீடு.

இரண்டு விதமான வற்புறுத்தல் இந்தச் சிறு பத்தியில் மோதுகின்றன. பேச்சாளர் வைத்தது 'நான் உள்ளே இருந்து பார்த்தவன்' என்ற நம்பகத்தை; அதன் மேல் சட்டம் என்ற நியாயத்தை. அறிக்கை எழுதியவர் அவர் சொன்ன எந்தக் குற்றச்சாட்டையும் பொய் என்று மறுக்கவில்லை. முகத்தையும் தோரணையையும் வருணித்து, வாசிக்கும் அதிகாரியின் மனத்தில் அச்சத்தை எழுப்பினார். வாதத்தை விட்டு வாதிடுபவரைத் தாக்கும் உத்தி இது. 'சாமி' என்ற குரலைத் தனியே குறித்துவைத்ததிலும் நோக்கம் இருக்கிறது: தொழிலாளர் நியாயத்தைக் கேட்டு ஒப்புக்கொண்டார்கள் என்பதைவிட, மயங்கிப்போனார்கள் என்ற தோற்றத்தை அது தருகிறது.

அடுத்து நடந்தது பரவலாக அறியப்பட்டது. ஆளுநர் சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் ஆணை பிறப்பித்தார். ஏப்ரல் 22 அன்று அது கையளிக்கப்பட்டது. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5 அன்று ஆணையை எதிர்த்துக் காலிமுகத் திடலில் கூட்டம் திரண்டது. கைதான அவருக்காக எச். வி. பெரேரா வாதிட்ட ஆட்கொணர்வு வழக்கில், மே 18 அன்று நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று அவரை விடுதலை செய்தது. இதே வெகுளியோடு ஒரு தொழிலாளி பேசியிருந்தால் வேலைநீக்கப் பற்றுச்சீட்டோடு தோட்டத்தை விட்டுத் துரத்தியிருப்பார்கள். ஆளுநர் வரை போயிருக்காது. வெள்ளையர் ஒருவர் அதே கூற்றைச் சொன்னபோது அது நம்பப்பட்டுவிடும் என்பதே ஆட்சியின் பயம்.

யாரையும் பெயர் சொல்லாத சட்டம்

சுதந்திரத்துக்குப் பின் வற்புறுத்தலின் களம் மேடையிலிருந்து சட்டவாசகத்துக்கு மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர் என்றோ இந்தியத் தொழிலாளர் என்றோ ஒரு சொல்லும் வராது. தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்ததை நிறுவவேண்டும் என்பதே விதி. எல்லோருக்கும் பொதுவான வாசகம். ஆனால் முந்தைய தலைமுறையின் பிறப்புப் பதிவைக் காட்ட முடியாத லயத்துக் குடும்பங்கள்மீதே அதன் பாரம் முழுவதும் விழுந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கே வாக்கு என்றானது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். 1952இல் ஒருவரும் இல்லை.

வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்க மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கொடக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு, 1953இல் லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்றது. எந்தச் சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் செய்யும் சட்டத்தைத் தடுத்த அரசியலமைப்பின் 29(2) பிரிவே வாதத்தின் அடிப்படை. கழகம் வழக்கைத் தள்ளியது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கங்கள் அவர்கள் இலங்கைப் பிரசைகளாவதற்குப் பொருத்தமானவர்களா என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள உண்மைகள் என்றும், ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை என்றும் தீர்ப்பு கூறியது.

ஆங்கில நடையின் ஆற்றலை அறிய விரும்புவோர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒரு வகுப்பு முழுவதும் பேசலாம். முதலில், இடம்பெயர்வு ஒரு பழக்கமாக்கப்படுகிறது. ஆள் கட்டியது கங்காணி, ஏற்பாடு செய்தது தோட்டம், அனுமதித்தது அரசு. பழக்கம் என்றதும் இவர்கள் எல்லோரும் வாக்கியத்தை விட்டு வெளியேறி, போய்வந்தவர் மட்டும் மிஞ்சுகிறார். இரண்டாவதாக, இந்தப் பழக்கங்கள் உண்மைகள் என்ற தகுதியைப் பெறுகின்றன. தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே மடிந்தவர்களின் வாழ்க்கை அந்தத் தகுதியைப் பெறவில்லை. மூன்றாவதாக, வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு சமூகம் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது. அதே வாக்கியத்தின் முடிவில், இது சமூகத்தைப் பற்றியது அல்ல என்று கைகழுவப்படுகிறது. குரலை உயர்த்தவில்லை, உணர்ச்சியைத் தொடவில்லை, அணி எதுவும் மின்னவில்லை. நடுநிலையாகத் தோன்றுவதே இங்கே கையாளப்பட்ட உத்தி. தீர்ப்பின் நம்பகம் அந்தத் தோற்றத்தில் இருக்கிறது.

நியாயத்தின் இன்னொரு முகம் எண். 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கூட்டிப் பார்த்தால் கணக்கு அழகாக முடிகிறது. ஒரே லயத்தில் அண்ணன் அங்கும் தங்கை இங்கும் ஆனது அந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் வராது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்காமலே செய்த பங்கீட்டுக்கு, எண்ணின் துல்லியம் ஒரு நியாயத் தோற்றத்தைக் கொடுத்தது.

சுட்டது யார்?

ஆங்கில அதிகார நடையின் இன்னொரு கருவி செயப்பாட்டு வினை. கூட்டம் கலைக்கப்பட்டது, சுட நேரிட்டது, ஒருவர் உயிரிழந்தார் என்று எழுவாய் இல்லாமலே ஒரு சாவை எழுதி முடிக்கலாம். தமிழ்ப் பத்திரிகை நடையும் இதைப் பழகிக்கொண்டு, துப்பாக்கிச் சூடு 'நடைபெற்றது' என்கிறது, திருவிழா நடைபெறுவதுபோல.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். குறுக்கு விசாரணை என்பது வாக்கியங்களுக்கு எழுவாயைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. யார் நின்றார், யார் உத்தரவிட்டார், யார் விசையை அழுத்தினார் என்ற சின்னச் சின்னக் கேள்விகளுக்கு முன் செயப்பாட்டு வினை நிற்காது.

1956இல் டயகமவிலும் தோட்டப் போராட்டத்தின்போது பொலிஸார் சுட்டார்கள். இறந்தவர் ஏப்ரஹாம் சிங்கோ. முல்லோயா கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் காணிப் பறிப்பை எதிர்த்து நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் ஆகியோரோடு மலையகத் தொழிற்சங்க மேடைகள் இன்றும் சொல்லும் பெயர் அது. தோட்டப் போராட்டம் என்றால் இந்தியக் கூலிகளின் குழப்பம் என்று எழுதிப் பழகிய நடைக்கு அந்தச் சிங்களப் பெயர் ஒத்துவரவில்லை. எத்தனை விளக்கங்களாலும் முடியாத மறுப்பை ஒரு தனிப்பெயர் செய்துவிடுகிறது. அதனால்தான் பெயர்களின் பட்டியல் எல்லா மக்கள் இயக்கங்களிலும் வலிய அணியாக இருக்கிறது.

உள்ளிருந்து எழுந்த ஆங்கிலம்

மலையகத்தின் தரப்பிலிருந்து ஆங்கிலத்தைத் திட்டமிட்டுக் கையாண்ட முன்னோடி கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த இந்தப் பத்திரிகையாளர் 'தேசபக்தன்' என்ற தமிழ் ஏட்டையும், 'த சிட்டிசன்', 'த ஃபோவர்ட்' என்ற ஆங்கில ஏடுகளையும் நடத்தினார். சட்டநிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் பேசினார். தொழிலாளரிடம் ஒரு குரல், கொழும்பிடம் ஒரு குரல் என்று அவையறிந்து பிரித்துக்கொண்டவர். ஆங்கிலத்தில் சட்டம், சம்பளக் கணக்கு, நிர்வாக முறைகேடு. தமிழில் விழிப்பும் கோபமும். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடல்கள் பாடினார். கண்ணீரும் கணக்கும் ஒரே மனுவில் கிடந்து நசுங்கிய நிலையை இந்த இருவர் பிரித்தெடுத்தார்கள்.

நடேசய்யர் வெளியிலிருந்து வந்தவர். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துக்குள்ளிருந்தே ஆங்கிலம் எழுதினார். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். வாக்குரிமை பறிபோன பின் அவருடைய மேடை எழுத்தானது. 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையின் தலைப்பு, விளம்பரம் விற்ற அதே தோட்டத்தைச் சுட்டுகிறது. உள்ளே இருப்பவர்கள் வேறு. 1970இல் வந்த 'போர்ன் டு லேபர்' தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டுகிறது. அவர் மலைநாட்டு மக்கள் பாடல்களையும் தொகுத்தார். ஆங்கில எழுத்துக்கு வேண்டிய உயிரை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதற்கு அந்தத் தொகுப்பே சான்று. மனுவில் தொழிலாளி தன்னைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார். வேலுப்பிள்ளையிடம் உழைப்பாலும் பாட்டாலும் சாவாலும் ஒரு நாட்டைக் கட்டியவராக வருகிறார். ஆங்கிலத்தில் மலையகத்துக்குக் கிடைத்த முதல் பெருமிதம் இது என்று சொல்லலாம்.

இன்றைய வகுப்புக்கு

யார் சொல் நம்பப்படும் என்ற இந்தப் போட்டி முடிந்துவிடவில்லை, சொற்கள்தான் புதியவை. 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 'ஆயிரம் ரூபாய்' என்ற கோரிக்கை 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழி வர்த்தமானியில் ஏறியது. ஆயிரம் என்பது கணக்குப் பார்த்து வந்த எண் மட்டுமில்லை; சொல்ல எளிது, எழுத எளிது, கூட்டத்தில் கூவ எளிது. முழு எண்ணே முழக்கமானது. எதிர்த்தரப்பின் ஆங்கிலமோ உற்பத்தித் திறன், உற்பத்திச் செலவு, உலகச் சந்தைப் போட்டி என்று பேசியது. இவை பொய்யான சொற்கள் அல்ல. தேயிலைத் தொழிலின் செலவும் சந்தையும் உண்மையான சிக்கல்களே. ஆனால் உற்பத்தித் திறன் குறைவு என்னும்போது, அது பறிப்பவரின் கையிலா, வயதான செடியிலா, மீள்நடுகை செய்யாத நிர்வாகத்திலா என்பதை அந்தச் சொல்லே தெரிவிப்பதில்லை. கேட்பவர்தான் கேட்டுப் பிரிக்கவேண்டும்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்த 'மலையகம் 200'ஐ முன்னிட்டு, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணம் வேறொரு உத்தியைக் காட்டியது. முன்னோர் நடந்த பாதையில் நடந்தவர்கள் தங்களை மாண்புமிகு மலையக மக்கள் என்று அறிவித்துக்கொண்டார்கள். கோரிக்கைகள் மும்மொழியிலும் சென்றன. மன்னார், மாத்தளை என்ற மோனை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே இயைந்தது. அதைவிட முக்கியம், அந்தக் கோரிக்கைகளில் தாழ்மையான மனுதாரர் யாரும் இல்லை. சம பிரசைகளாக வரலாற்றை முன்வைத்து உரிமையைக் கேட்டார்கள். இடம்பெயரும் பழக்கம் என்று நீதிமன்றம் எழுதிய அதே பயணத்தை, நாட்டுக்குச் செய்த உழைப்பின் தொடக்கமாக மாற்றி எழுதினார்கள். சான்று பழையதே, அதைச் சொல்லும் உரிமை கைமாறியிருக்கிறது.

ஆகவே டயகமவிலோ ஹட்டனிலோ ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்குச் சொல்லணிகளின் பெயர்ப்பட்டியலைத் தருவது பாதி வேலை. ஒரு தேயிலைப் பெட்டி, ஒரு பழைய பெட்டிசம், கோமறைக் கழகத்தின் ஒரு வாக்கியம், ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையின் அறிக்கை ஆகிய நான்கையும் மேசையில் வைத்தால் போதும். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இங்கே யார் நம்பப்படுகிறார், எதனால்? எந்த உணர்வுக்கு இடம் இருக்கிறது, எதற்கு இல்லை? வாக்கியத்தை விட்டு வெளியே நிற்பவர் யார்? இந்தக் கேள்விகளோடு வாசிக்கப் பழகியவர், பின்பு தானே எழுதும்போது இரக்கத்தை வேண்டி நிற்கமாட்டார். கணக்கை முதலில் வைப்பார், செய்தவரின் பெயரைச் சொல்வார், தன் பெயரில் கையெழுத்திடுவார். பரீட்சைக்குப் பின்னும் பயன்படும் ஆங்கிலம் அதுவே.